போதும் என்று சொல்லும் ஒளி



யான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லேன். கலைப்பட்டம் பெற்று, வரலாறும் தமிழும் பல்லாண்டு கற்பித்து, இப்போது ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராகக் கடமையாற்றுபவன். அத்தகைய ஒருவன் லேசர் ஒளியைப் பற்றிப் பேச முன்வந்தது எவ்வாறு என்று உங்களுட் சிலர் வினவலாம். அதற்குக் காரணம் எங்கள் பாடசாலையின் இரும்புப் படலையே.

அப்படலை மிகப் பழையது. ஒவ்வொரு பரிசளிப்பு விழாவுக்கும் அதற்கு ஒரு பூச்சு ஏறிற்று. பச்சையின்மேல் நீலமும், நீலத்தின்மேல் சாம்பல் நிறமும், அதன்மேல் மீண்டும் பச்சையுமாக, மரத்தின் வளையங்கள்போல அப்படலையில் எங்கள் பாடசாலையின் வரலாறே படிந்திருந்தது. இறுதியில் பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிரலாயிற்று. பழையதை முற்றாக நீக்கியே புதியதைப் பூசவேண்டும் என்றார், வர்ணம் பூச வந்த முதியவர். அவர் சுரண்டியைக் கையிலெடுத்து வேலை செய்ததை யான் அருகே நின்று பார்த்தேன். ஓரிடத்திலும் இரும்பில் கீறல் விழவில்லை. "எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பது உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டேன்.

"சத்தம் மாறும் ஐயா. வர்ணத்தில் சுரண்டினால் ஒரு சத்தம், இரும்பில் பட்டால் வேறொரு சத்தம். காது சொல்லும், கை நிற்கும்" என்றார் அவர்.

காது சொல்லும், கை நிற்கும். இந்நான்கு சொற்களையும் நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். இன்று யான் கூறவிருக்கும் செய்தி முழுவதும் அவற்றுள் அடங்கிக் கிடக்கின்றது. உலோகத்தின்மீது படிந்த வர்ணப்பூச்சை ஒளியினால் நீக்குவதும், நீக்கும்போதே 'இதோ உலோகம் வந்துவிட்டது, போதும்' என்று அவ்வொளியைக் கொண்டே அறிந்துகொள்வதும் எவ்வாறு என்பதே அச்செய்தி.

பூச்சை நீக்குவது அத்துணைப் பெரிய காரியமா என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்கொத்லாந்திலே 1890ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போர்த் பாலம் என்னும் மாபெரும் உருக்குப் பாலம் ஒன்று உண்டு. முடிவில்லாத வேலை ஒன்றைக் குறிக்க, அப்பாலத்துக்கு வர்ணம் பூசுவது போன்றது என்று ஆங்கிலேயர் கூறுவது வழக்கமாயிற்று. அப்பாலத்தின் பழைய பூச்சுக்களை உருக்குவரை அகற்றிப் புதிய பூச்சிடும் பணி 2002இல் தொடங்கி 2011இலேதான் நிறைவெய்தியது. இரும்பும் உருக்கும் கொண்டு எழுப்பிய பாலம், கப்பல், எண்ணெய்த் தாங்கி யாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

ஆகாய விமானத்திலோ இது உயிரோடு தொடர்புற்ற விடயம். பெரிய விமானமொன்றின் வர்ணம் மாத்திரமே நூற்றுக்கணக்கான கிலோகிராம் எடையுள்ளது. பழைய பூச்சின்மேல் புதிய பூச்சை அடுக்கிக்கொண்டே போனால் எடை கூடும். அதனினும் முக்கியமாக, பூச்சின்கீழ் மறைந்து கிடக்கும் அரிப்பையும் வெடிப்பையும் கண்டறிவதற்கு உலோகத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆந் தேதி ஹவாய்த் தீவுகளின்மேல் பறந்துகொண்டிருந்த போயிங் 737 விமானமொன்றின் முன்பகுதிக் கூரை நடுவானிலே பிய்ந்து போயிற்று. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானி எப்படியோ அதனைத் தரையிறக்கினார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் மூட்டுக்களிலே தளர்ச்சியும் அரிப்பும் கூடி உண்டாக்கிய வெடிப்புக்களே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

விமானத்தின் உடற்றகடு பல இடங்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அதன்மேலுள்ள வர்ணமோ பெரும்பாலும் அதிற் பத்திலொரு பங்கு. இந்த மெல்லிய ஆடையை உரிக்கும்போது உடலைக் கீறிவிடக் கூடாது. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் விமானப் பொறியியலாளரைத் திடுக்கிடச் செய்த ஓர் உண்மை வெளிப்பட்டது. வர்ணத்தையும் மூட்டுக்களிற் பூசிய பசையையும் கூரிய கருவிகளாற் சுரண்டியபோது தகட்டில் விழுந்த மயிரிழை போன்ற கீறல்கள், காலப்போக்கிலே வெடிப்புக்களாக வளரக்கூடியன என்பதே அது. பாதுகாப்பை நாடிச் செய்த பராமரிப்பே ஆபத்துக்கு வித்தாயிற்று. சுரண்டியவர் தீயவர் அல்லர். எங்கே நிறுத்துவது என்பதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை, அவ்வளவே.

சுரண்டாமல் நீக்கும் வழிகளும் உண்டு. மணலையோ வேறு துணிக்கைகளையோ அமுக்கிய காற்றினால் வீசியடிக்கலாம். ஆயின் எழும் தூசி பெரிது. மெத்திலீன் குளோரைட்டுப் போன்ற இரசாயனங்களைப் பூசி வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்து வழித்தெடுக்கலாம். ஆயின் அதன் ஆவி மனிதனை மயக்கும், அடைபட்ட அறையிலே உயிரையும் பறிக்கும். அமெரிக்க அரசாங்கம் அப்பொருள் சேர்ந்த வர்ணநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019இல் தடைசெய்து, 2024இலே தொழிற்றுறைப் பயன்பாடுகளுட் பெரும்பாலானவற்றையும் தடைசெய்தது. இவற்றுக்கு மாற்று வழி தேடியவர்களின் கண்ணிலேதான் லேசர் ஒளி பட்டது.

லேசர் என்பது ஒரே நிறமும் ஒரே போக்கும் உடைய செறிந்த ஒளிக்கற்றை. 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் தேதி கலிபோர்னியாவிலே தியோடர் மெய்மன் என்பவர் செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து முதன்முதலாக அதனைப் பிறப்பித்தார். அதற்கு வழிவகுத்த கோட்பாட்டை வகுத்தவர்களுள் ஒருவரான ஆதர் ஷோலோ என்பவர் நகைச்சுவை மிக்க பேராசிரியர். தட்டச்சில் விழும் பிழைகளை அழிக்க லேசர் அழிப்பான் ஒன்றை அவர் எண்ணினார். கரிய மை ஒளியை உறிஞ்சிச் சூடாகி ஆவியாகும். வெண்மையான கடதாசியோ ஒளியைத் திருப்பியனுப்பிவிட்டுத் தான் சேதமின்றி இருக்கும். இதனை விளக்க அவர் தம் சொற்பொழிவுகளிலே நிறமற்ற பலூன் ஒன்றினுள் கருநிறப் பலூன் ஒன்றை ஊதிவைத்து லேசரைச் செலுத்துவார். வெளிப்பலூன் அப்படியே இருக்க, உட்பலூன் மட்டும் வெடித்துப்போகும். ஷோலோ 1981இல் நோபல் பரிசு பெற்றார்.

வர்ணத்தை லேசரால் நீக்குவதன் தத்துவமும் இதுவே. வர்ணம் ஒளியை உறிஞ்சுகின்றது. கீழேயுள்ள அலுமினியமோ பெரும்பகுதியைத் தெறிக்க விடுகின்றது. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலுள்ள ஹில் விமானப்படைத் தளத்தில் எப்-16 போர் விமானங்களின் வர்ணத்தை அகற்றுவதற்கு, லேசர் ஏந்திய இயந்திரக் கைகள் பயன்படுத்தப்பட்டன.

ஆயின் இத்தத்துவம் ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. உலோகம் ஒளியைத் தெறிக்க விடுவது உண்மையே ஆயினும், முற்றாகத் தெறிக்க விடுவதில்லை. அரிப்புண்டு கரடுமுரடான இடம் அதிகமாக உறிஞ்சும். விமானத்துக்குரிய அலுமினியக் கலப்புலோகமோ அளவுகடந்த சூடு பட்டால் தன் வலிமையை இழக்கும். பூச்சின் தடிப்பும் எங்கும் ஒன்றன்று. ஓரிடத்தில் ஒரு தடவை பூசியிருப்பர், பழுதுபார்த்த இடத்திலே மூன்று தடவை பூசியிருப்பர். இத்தனை நொடி ஒளியைப் பாய்ச்சுக என்று முற்கூட்டியே விதித்துவிட்டால், ஓரிடத்தில் வர்ணம் எஞ்சும், மற்றோரிடத்தில் உலோகம் வேகும். எங்கள் படலை முதியவரின் காதுபோல் ஒன்று இங்கே வேண்டியிருக்கின்றது.

அந்தக் காதைத் தந்தது நிறமாலை ஆராய்ச்சி. உங்கள் அடுக்களையிலே வாயு அடுப்பில் உலைநீர் பொங்கி வழியும்போது நீலச்சுடர் திடீரென மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். நீரிற் கரைந்த உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. சூடேறிய அணுவின் இலத்திரன்கள் உயர்ந்த நிலைக்குத் தாவி, மீண்டும் தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது ஒளியை உமிழ்கின்றன. ஒவ்வொரு மூலகத்தின் அணுவிலும் அந்தப் படிகள் வெவ்வேறு உயரத்தில் அமைந்தவை. ஆதலின் ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறங்களை உமிழும். அவ்வொளியை அரியத்தினூடு செலுத்தி விரித்தால், நிறங்கள் தனித்தனிக் கோடுகளாக நிற்கும். சோடியத்துக்கு 589.0, 589.6 நனோமீற்றர் அலைநீளங்களில் இரட்டைக் கோடு. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ மூலகத்துக்கு இக்கோடுகள் அப்படி.

ஜேர்மனியின் ஹைடில்பேர்க் நகரிலே கேர்ச்சோப், புன்சன் என்னும் இரு பேராசிரியர்கள் 1859, 1860ஆம் ஆண்டுகளில் இவ்வுண்மையை நிலைநாட்டினர். அதுகாறும் எவரும் அறியாத சீசியம், ருபீடியம் என்னும் இரு மூலகங்களைக் கோடுகளைக்கொண்டே அவர்கள் கண்டுபிடித்தனர். தொலைவிலுள்ள மன்ஹைம் நகரில் மூண்ட தீயைத் தம் ஆய்வுகூடச் சாளரத்திலிருந்தே நோக்கி, அதிலே பேரியமும் ஸ்ரொன்ரியமும் எரிவதை அவர்கள் அறிந்தார்கள் என்றும் சொல்வர்.

இனி, இவ்விரண்டையும் இணைத்துப் பாருங்கள். லேசரை ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கே நீடிக்கும் குறுந்துடிப்புக்களாக்கி, வில்லையினாற் குவித்து மேற்பரப்பிலே பாய்ச்சினால், அவ்விடத்திலுள்ள பொருள் மிகச் சிறிதளவு பெயர்ந்து ஆவியாகின்றது. ஆவியாவதோடு நில்லாமல், பத்தாயிரம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்திலே அணுக்கள் சிதைந்து ஒளிரும் பிளாஸ்மாவாகின்றது. சிறு பொறியாக நம் கண்ணுக்குத் தோன்றும் அதனுள்ளே, பெயர்ந்த பொருளின் மூலகங்கள் யாவும் தத்தம் கோடுகளை உமிழ்கின்றன. 1962ஆம் ஆண்டிலேயே பிரெக், குறொஸ் என்னும் இருவர் லேசர்ப் பொறியின் நிறமாலையைப் பற்றி அறிவித்தனர். 1980களில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தார் இதனை முறையான பகுப்பாய்வுக் கருவியாக வளர்த்தனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொறி தோன்றிய முதற் கணத்திலே, கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்புபோல, எல்லா நிறமும் கலந்த வெள்ளொளி மிகுந்திருக்கும். அதில் எந்தக் கோடும் தெரியாது. ஏறத்தாழ ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பொறுத்தால், வெள்ளொளி தணியும், கோடுகள் துலங்கும். அக்கணத்திலேதான் கருவி தன் கண்ணைத் திறக்கின்றது. கூச்சல் அடங்கிய பின்னரே மாணாக்கனின் பெயரை வாசிக்கத் தொடங்கும் ஆசிரியரைப் போன்றது அது.

விமானத் தகடு ஒன்றிலே இது நிகழும் விதத்தை நோக்குவோம். வெளிப்பூச்சு வெண்மையாயின், அதிற் பெரும்பாலும் தைத்தேனியத்தின் ஒட்சைட்டு இருக்கும். அதன்கீழ் அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு. அதிலே குரோமியமும் பல வேளைகளில் ஸ்ரொன்ரியமும் உண்டு. அதற்கும் கீழே அலுமினியம். ஒவ்வொரு துடிப்பும் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கோ சில பங்கோ ஆழத்தைப் பெயர்க்கும். முதல் துடிப்புக்களில் 498க்கும் 501க்கும் இடையே தைத்தேனியத்தின் கோடுகள் நெருங்கி நிற்கும். துடிப்புக்கள் தொடர அவை மங்கி, 425.4, 427.5, 429.0 நனோமீற்றரில் குரோமியத்தின் மூன்று கோடுகள் எழும். வெளிப்பூச்சு முடிந்து அடிப்பூச்சு வந்துவிட்டது என்பது அதன் பொருள். அடிப்பூச்சு நல்ல நிலையில் இருந்தால் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். மேலும் சென்றால், 394.4, 396.2 நனோமீற்றரில் அலுமினியத்தின் இரு கோடுகள் தலைகாட்டும். அவை தலைகாட்டியவுடன் கணினி லேசரை நிறுத்துகின்றது, அல்லது வேறிடத்துக்கு நகர்த்துகின்றது. ஒளி சொல்லும், விளக்கு நிற்கும். எங்கள் முதியவரின் முறைதான், நேயர்களே. காதின் இடத்திலே நிறமாலை அமர்ந்திருக்கின்றது.

இம்முறைக்கும் இடர்கள் உண்டு. கோட்டைக் கண்டவுடன் முடிவு கூறுதல், ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பளிப்பதை ஒக்கும். வெள்ளிபோல் மினுங்கும் சில பூச்சுக்களில் அலுமினியத் தூளே கலந்திருக்கும். அங்கே முதல் துடிப்பிலேயே அலுமினியக் கோடு தோன்றிவிடும். பூச்சிலே நிரப்பியாகச் சேர்த்த சுண்ணாம்புப் பொருளிலுள்ள கல்சியத்துக்கு 393.4, 396.8 நனோமீற்றரிலே கோடுகள் உண்டு. அவை அலுமினியக் கோடுகளின் அயலவர். கூர்மையற்ற கருவி ஒன்றை மற்றொன்றாக மயங்கும். ஆகவே ஒரு கோட்டை மட்டும் நோக்காது, தைத்தேனியம் எவ்வளவு குறைந்தது, அலுமினியம் எவ்வளவு கூடியது என இரண்டின் விகிதத்தை நோக்குதல் வேண்டும். அன்றியும் துடிப்பு குடையும் குழி கிணறுபோல் நேராக இராது, புனல்போற் சரிந்திருக்கும். அடியில் உலோகம் வெளிப்பட்ட பின்னும் ஓரங்களிலிருந்து வர்ணத்தின் ஒளி வந்துகொண்டேயிருக்கும். துடிப்புப் பட்ட புள்ளியைப் பற்றியே நிறமாலை பேசும், பக்கத்துப் புள்ளியைப் பற்றி ஒன்றும் கூறாது. ஆதலின் பரப்பு முழுவதையும் ஒழுங்காகத் தடவிச் செல்லுதல் அவசியம்.

இதே கலை வேற்றுக் கிரகத்துக்கும் சென்றுவிட்டது. 2012ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே செவ்வாயில் இறங்கிய கியூரியோசிற்றி என்னும் ஊர்தி, ஏழு மீற்றர் தொலைவு வரையுள்ள பாறைகளின்மீது லேசரைப் பாய்ச்சிப் பொறியின் நிறமாலையைப் படிக்கின்றது. முதற் சில துடிப்புக்கள் பாறைமேற் படிந்த தூசியை அகற்றிவிடும். பின்வருபவை பாறையின் உண்மை இயல்பைக் கூறும். மேலே தூசி, கீழே பாறை. எங்கள் படலைக்கும் செவ்வாய்ப் பாறைக்கும் அவ்வளவே வேற்றுமை!

இனி, இச்செய்தி என் மனத்தை உறுத்திய இடத்துக்கு வருகின்றேன். நிறமாலை உலோகத்தை மட்டும் காட்டிக்கொடுப்பதன்று. வர்ணத்தில் மறைந்துள்ள நஞ்சையும் அது காட்டிக்கொடுக்கும். 405.8 நனோமீற்றரில் ஒரு கோடு எழுந்தால், அங்கே ஈயம் இருக்கின்றது. பழைய காலத்துச் செந்நிற அடிப்பூச்சிலும், பளிச்சென்ற மஞ்சள் வர்ணத்திலும் ஈயச் சேர்வைகள் தாராளமாகக் கலக்கப்பட்டன. பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரத்திலே பழைய பூச்சுக்களை நீக்கும் பணி, ஈயத் தூசியின் காரணமாக 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் இடைநிறுத்தப்பட்டது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே தாக்குவது.

இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் படலையைச் சுரண்டியபோது எழுந்த தூசியை அம்முதியவர் முகமூடியின்றிச் சுவாசித்தார். அத்தூசி விழுந்த மண்ணிலேதான் சிறு வகுப்புப் பிள்ளைகள் பெற்றோருக்காகக் காத்திருப்பர். அப்பழைய பூச்சில் ஈயம் இருந்ததோ இல்லையோ, கேட்டறிய வேண்டியவன் யான். கேட்கவில்லை. இரும்பிலே கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டேன், மனிதனைப் பற்றிக் கவலைப்படவில்லை. மறுநாள் மேல்மண்ணை நனைத்து அகற்றுவித்து, அவ்விடத்துக்குப் புதுமண் இடுவித்தேன். முதியவரைத் தேடிச் சென்று, மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கும்படி சொன்னேன். "நாற்பது வருசமாய் இந்தத் தூசிதான் ஐயா எனக்குச் சோறு போட்டது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லேசர்க் கருவி நாளையே எங்கள் பாடசாலை வாயிலுக்கு வந்துவிடும் என்று யான் கூறமாட்டேன். அது விலை மிகுந்தது. அதன் ஒளி கண்ணைக் குருடாக்க வல்லது. அது பெயர்க்கும் ஆவியையும் துகளையும் உடனுக்குடன் உறிஞ்சி வடிகட்டாவிட்டால், அதுவும் தூசியையே பரப்பும். ஆயின் அக்கருவி நமக்குக் கற்பிக்கும் பாடத்துக்கு விலையில்லை. பழைய வர்ணத்தை நீக்குமுன் அது எத்தகையது என வினவுங்கள். உலர்ந்த நிலையிற் சுரண்டாது, நீரால் நனைத்துச் சுரண்டுங்கள். தீச்சுடரால் எரித்து உரிக்காதீர்கள், ஏனெனில் ஈயம் புகையாகும். குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் அவ்விடத்திலிருந்து விலக்கி வையுங்கள். வேலை செய்பவருக்குத் தகுந்த முகமூடி கொடுங்கள். உதிர்ந்ததைத் துடைப்பத்தாற் கூட்டிப் பரப்பாது, ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். புதிய வர்ணம் வாங்கும்போது ஈயம் சேராதது எது எனக் கேட்டு வாங்குங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் கூறினர். ஆயின் அளவு எதுவென அறிவது எவ்வாறு என்பதே என்றைக்கும் உள்ள வினா. முதியவர் அதனைக் காதினால் அறிந்தார். விஞ்ஞானி அதனை ஒளியினால் அறிகின்றான். இருவருக்கும் பொதுவாயிருப்பது ஒன்று: வேலையில் ஈடுபட்டிருக்கும்போதே, தாம் செய்வது என்ன விளைவைத் தருகின்றது என இடைவிடாது கவனித்துக்கொண்டிருப்பது. பிள்ளைகளைத் திருத்த முனையும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அது பொருந்தும். மேற்படிந்த மாசை நீக்கவேண்டும், அடியிலுள்ள நல்ல உலோகத்திலே கீறல் விழக்கூடாது. போதும் என்னும் குரல் எழும்போது அதனைக் கேட்கும் செவி வேண்டும்.

எங்கள் படலை இப்போது ஒரே நிறத்தில், ஈயம் சேராத பூச்சுடன், நிமிர்ந்து நிற்கின்றது. அடுத்த முறை அதனைச் சுரண்ட வேண்டிய நாள் வரும்போது, அதிபராக அங்கே யார் இருப்பினும், முதலிற் கேட்க வேண்டிய வினாக்களை எழுதி அலுவலகக் கோவையிலே சேர்த்து வைத்திருக்கின்றேன்.